கைப்பேசிக்குள் கந்துவட்டி: கடனாளியின் கையில் என்ன இருக்கிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நமது சங்கத்தின் கதவைத் திறக்கப் போனபோது, வாசற்படியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தாராவியில் இட்லி அவித்து, தெருத்தெருவாகச் சுமந்து விற்பவர். சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். எந்தத் தேர்தல் வந்தாலும் எந்தக் கட்சி வந்தாலும் காலை ஆறு மணிக்குத் தம் பாத்திரத்தோடு கிளம்பிவிடும் மனிதர், அன்று கிளம்பவில்லை. கைப்பேசியை நம்மிடம் நீட்டினார். அதில் அவருடைய படம். கீழே “திருடன்” என்று இந்தியில் எழுதியிருந்தது. அந்தப் படம் ஊரில் இருக்கும் மைத்துனருக்கும், மாவு மில்காரருக்கும், மகள் படிக்கும் பள்ளியின் ஆசிரியைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

“அண்ணாச்சி, கடன் வாங்குனது நான். எம் மச்சினன் என்ன பாவம் பண்ணுனான்?” என்றார். அதற்கு மேல் பேச முடியவில்லை.

நடந்தது இதுதான். ‘லோன் ஆப்’ ஒன்றில் 5,000 ரூபாய் கடன் கேட்டார். கணக்கில் விழுந்தது 3,200 ரூபாய். மீதி 1,800 ரூபாய் “கட்டணம்” என்று முன்கூட்டியே கழிந்துவிட்டது. ஏழாம் நாள் முழு 5,000 ரூபாயையும் கட்ட வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கையில் வாங்கிய ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் ஏழே நாளில் 56 ரூபாய் வட்டி! ஊரில் மாதத்துக்கு நூற்றுக்குப் பத்து வாங்குகிறவனைக் கந்துவட்டிக்காரன் என்று தூற்றினோமே, இவனை என்ன பெயர் சொல்லி அழைப்பது?

இரண்டு நாள் தாமதம் ஆயிற்று. அதற்குத்தான் அந்தப் படம். மனைவியின் கம்மலை விற்றுப் பணத்தைக் கட்டினார். கட்டிய பிறகும் படம் போவது நிற்கவில்லை.

இது ஒருவர் கதையல்ல. சங்கத்துக்கு வருகிறவர்களில் இதைச் சொல்லுகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். சொல்ல வெட்கப்பட்டு வராமலே இருப்பவர்கள் எத்தனை பேரோ! ஆகவே இந்த இதழில் நாம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கிறோம்: இந்த நாட்டின் சட்டம் இவருக்கு என்ன கொடுத்திருக்கிறது?

சட்டம் இல்லாமலில்லை

ரிசர்வ் வங்கி ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லமாட்டோம். அது நேர்மையாகாது.

2020 டிசம்பரில் தெலங்கானாவில், இத்தகைய செயலிகளின் தொல்லை தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றிய செய்திகள் அடுத்தடுத்து வந்தன. அதன் பிறகு 2021 ஜனவரியில் ரிசர்வ் வங்கி ஒரு பணிக்குழு அமைத்தது. அதே ஆண்டு நவம்பரில் அறிக்கை வந்தது. இரண்டே மாத காலத்தில் அந்தக் குழு பார்த்த கடன் செயலிகள் சுமார் 1,100. அவற்றில் சுமார் 600 சட்டவிரோதமானவை. பாதிக்கு மேல் திருட்டுக் கடை!

2022 செப்டம்பர் 2இல் நெறிமுறைகள் வந்தன. நல்ல நெறிமுறைகள்தாம். கடன் பணம் நேராகக் கடனாளியின் கணக்குக்கே போகவேண்டும். இடைத்தரகுச் செயலிக்கான கூலியைக் கடன் கொடுக்கும் நிறுவனம்தான் தரவேண்டும்; கடனாளியிடம் பிடிக்கக்கூடாது. கைப்பேசியில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் செயலி தொடவே கூடாது. மனம் மாறினால் குறிப்பிட்ட காலத்துக்குள் அசலையும் அந்த நாட்களுக்குரிய வட்டியையும் மட்டும் கட்டி, அபராதமின்றி விலகிக்கொள்ளலாம். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக்கூடாது. கடனாளியின் குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக்கூடாது என்று 2022 ஆகஸ்டிலேயே சொல்லியாகிவிட்டது. 2025 மே மாதத்தில் விதிகளைத் திரட்டி மேலும் இறுக்கினார்கள். அதே ஆண்டு ஜூலையில், பதிவுபெற்ற நிறுவனங்களோடு தொடர்புள்ள செயலிகளின் பட்டியலைத் தன் இணையதளத்தில் ரிசர்வ் வங்கி வெளியிட்டது.

இன்னொன்றும் உண்டு. 2024 ஏப்ரல் 15இல் வந்த சுற்றறிக்கை, கடன் கொடுக்குமுன் “முக்கிய விவர அறிக்கை” ஒன்றைக் கடனாளிக்குத் தரவேண்டும் என்றது. வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு என்று அதில் இருக்கவேண்டும். அதோடு, அந்த அறிக்கை கடனாளிக்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும். அதை அவருக்கு விளக்கிச் சொல்லவும் வேண்டும்.

புரியும் மொழியில்! நமது இட்லிக்காரரிடம் கேட்டோம்: “உங்களுக்குத் தமிழில் ஏதாவது தாள், ஏதாவது எழுத்து வந்ததா?” அவர் நம்மை விசித்திரமாகப் பார்த்தார். வந்ததெல்லாம் ஆங்கிலத்தில் நாலு பக்கம், கீழே ஒரு பொத்தான். கட்டைவிரலால் அழுத்தினார். ஒரு காலத்தில் பண்ணையாரின் வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்தவர்களின் பேரன் அவர். தாள் போய்க் கண்ணாடித் திரை வந்திருக்கிறது. கட்டைவிரல் மட்டும் அதே கட்டைவிரல்தான்.

மீறினால் என்ன?

இங்கேதான் நமது வழக்கு தொடங்குகிறது. புரியும் மொழியில் விவரம் தராமல் கடன் கொடுத்தால் அந்தக் கடன் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. தொடர்பு எண்களைத் திருடி மைத்துனருக்குப் படம் அனுப்பினால் அந்தக் கடன் செல்லாமல் போகுமா? போகாது. வட்டியாவது தள்ளுபடியாகுமா? அதுவும் இல்லை. ரிசர்வ் வங்கி அந்த நிறுவனத்துக்கு அபராதம் போடலாம், பதிவை ரத்து செய்யலாம், செய்தும் இருக்கிறது. ஆனால் அது ரிசர்வ் வங்கிக்கும் நிறுவனத்துக்கும் உள்ள விவகாரம். கடனாளி அதில் ஒரு கட்சிக்காரரே அல்ல. அவர் வேடிக்கை பார்க்கலாம்.

பழைய சட்டம் இப்படி இருக்கவில்லை என்பதை நம் வாசகர்கள் கவனிக்கவேண்டும். 1946ஆம் ஆண்டின் பம்பாய் வட்டிக்கடைக்காரர் சட்டம் ஒரு காரியம் செய்தது. கடன் கொடுத்த நாளில் உரிமம் இல்லாத வட்டிக்கடைக்காரர் வழக்குப் போட்டால், எந்த நீதிமன்றமும் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்கக்கூடாது என்றது. அதன் இடத்தில் வந்த 2014ஆம் ஆண்டின் மராட்டிய மாநிலச் சட்டமும் அந்த விதியைக் கைவிடவில்லை. இதன் பொருள் என்ன? விதியை மீறினால் பணம் போகும். அதிகாரி வரவேண்டாம், விசாரணைக் குழு வேண்டாம்; மீறியவனுக்கு மீறிய கணமே நஷ்டம். கடனாளியின் கையில் சட்டம் ஓர் ஆயுதத்தைக் கொடுத்தது.

இன்னும் ஒரு படி மேலே போன காலமும் இருந்தது. 1976ஆம் ஆண்டின் மராட்டியக் கடன் நிவாரணச் சட்டம் சிறு விவசாயிகள், கிராமக் கைவினைஞர்கள், தொழிலாளர்கள் ஆகியோர் வட்டிக்கடையில் பட்ட கடனையே துடைத்தது. வட்டிக்கடைக்காரர்கள் உச்சநீதிமன்றம் வரை போனார்கள். 1977இல், நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பில், சட்டம் செல்லும் என்று நீதிமன்றம் சொன்னது. இதே மாநிலத்தில்தான், நாம் பிழைக்க வந்த இந்த மண்ணில்தான் இது நடந்தது.

நமது தமிழ்நாட்டில் 2003இல் வந்த அநியாய வட்டித் தடுப்புச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுதிய சட்டம்தான். ஆனால் அதற்குள் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்ற சொற்கள் அப்படியே நிற்கின்றன. தெருவில் நடப்பதைத் தெருவின் பெயரால் அழைத்த சட்டம் அது. அந்தச் சட்டம் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று நாம் பெருமை பேசவில்லை. 2017 அக்டோபரில், மனு மேல் மனு கொடுத்தும் பலனின்றி, கந்துவட்டிக் கொடுமையால் ஒரு கூலித்தொழிலாளி மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே தீக்கு இரையானதை நெல்லைச் சீமையிலிருந்து வந்த நாம் எப்படி மறப்போம்? சட்டம் இருந்தும் அதிகாரி அசையாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே சாட்சி. அதனால்தான் சொல்லுகிறோம்: அதிகாரி அசைந்தால்தான் வேலை செய்யும் சட்டம் ஏழைக்கு அரைச் சட்டம்.

மாநிலத்தின் கை கட்டப்பட்டது

அரசியல் சாசனத்தின் ஏழாம் அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள். மாநிலப் பட்டியலில் 30ஆவது இனம்: வட்டிக்குப் பணம் கொடுத்தலும் கொடுப்போரும். சாசனம் செய்தவர்கள் இதை மாநிலத்திடம் விட்டது காரணத்தோடுதான். வட்டிக்காரன் எந்தத் தெருவில் நிற்கிறான், எந்த மொழியில் மிரட்டுகிறான் என்பது தில்லிக்குத் தெரியாது, தாசில்தாருக்குத் தெரியும்.

2022 மே 10இல், நெடும்பிள்ளி ஃபைனான்ஸ் வழக்கில், உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற, வங்கி அல்லாத நிதி நிறுவனங்களுக்கு மாநில வட்டிக்கடைச் சட்டங்கள் பொருந்தா. அவற்றை ஆள ரிசர்வ் வங்கிச் சட்டமே முழுமையானது என்றது. கேரளத்தின் 1958ஆம் ஆண்டுச் சட்டமும் குஜராத்தின் 2011ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த நிறுவனங்களின் வாசலில் நின்றுவிட்டன. நீதிமன்றத்தின் தர்க்கத்தை நாம் மதிக்கிறோம். ஒரு குதிரைக்கு இரண்டு கடிவாளம் கூடாது என்பது புரிகிறது. ஆனால் ஒரு கடிவாளத்தை அகற்றும்போது மற்றது வாயில் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்கவேண்டியது நாடாளுமன்றத்தின் கடமை அல்லவா?

வட்டிக்கு உச்சவரம்பு என்ன? இந்த நிறுவனங்களுக்குப் பொதுவான உச்சவரம்பு ஒன்றை ரிசர்வ் வங்கி வைக்கவில்லை. மைக்ரோபைனான்ஸ் கடனுக்கு இருந்த வரம்பையும் 2022 ஏப்ரல் முதல் எடுத்துவிட்டு, “வட்டி கொடுமையாக இருக்கக்கூடாது” என்று புத்திமதி சொன்னது. மாநிலத்தின் கையைக் கட்டினார்கள். மத்தியின் கை புத்திமதி சொல்லிக்கொண்டிருக்கிறது.

2025இல் கர்நாடகமும் தமிழ்நாடும் கட்டாய வசூலைத் தடுக்கத் தனிச்சட்டங்கள் செய்தன. வரவேற்கிறோம். ஆனால் பதிவு பெற்ற நிறுவனத்தின்மேல் மாநிலம் எந்த அளவுக்குக் கைவைக்க முடியும் என்ற கேள்வி, 2022ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பிறகு எந்த மாநிலச் சட்டத்தின் தலைமேலும் தொங்கிக்கொண்டிருக்கிறது. பதிவே இல்லாத திருட்டுச் செயலிகளைத் தடைசெய்யத் தனிச்சட்டம் வேண்டும் என்று 2021இலேயே ரிசர்வ் வங்கியின் குழு பரிந்துரைத்தது. அதற்கு மத்திய அரசின் வரைவு வெளிவரவே 2024 டிசம்பர் ஆயிற்று. மூன்று ஆண்டு! இட்லிக்காரருக்குக் கிடைத்த தவணை ஏழு நாள்.

எங்கே போய் முறையிடுவது?

சயானில் மின்ரயில் ஏறி, நம் பெரியவர்கள் இன்னும் ‘வி.டி.’ என்றே சொல்லும் முனையத்தில் இறங்கி, கோட்டைப் பகுதிக்குள் நடந்தால் ரிசர்வ் வங்கியின் தலைமையகம் வந்துவிடும். அத்தனை அருகில் இருக்கிறது. ஆனால் 2021 நவம்பரில் தொடங்கிய ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் நமது இட்லிக்காரர் தபாலில் மனுப் போட்டால், அது போகவேண்டிய இடம் சண்டிகர்! முதலில் நிறுவனத்துக்கு எழுதவேண்டும், முப்பது நாள் காத்திருக்கவேண்டும், பிறகுதான் குறைதீர்ப்பாளர். முப்பது நாளில் அந்தப் படம் ஊர் முழுக்கப் போய்விடாதா?

அந்தத் திட்டம் எல்லா நிறுவனத்துக்கும் பொருந்தியதா? அதுவும் இல்லை. வங்கி அல்லாத நிறுவனங்களில், மக்களிடம் வைப்புத்தொகை வாங்குபவையும், வாடிக்கையாளரோடு நேரடித் தொடர்புள்ள, 100 கோடி ரூபாயும் அதற்கு மேலும் சொத்துள்ளவையும்தான் அதில் சேர்ந்தன. செயலிக்காரர்களுக்குத் தன் பதிவை வாடகைக்கு விடுகிற சின்ன நிறுவனம்? அதைப் பற்றிய புகார் வாசலிலேயே திரும்பிவிடும். பதிவே இல்லாத செயலியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

தனிமனித விவரங்களைக் காக்க 2023இல் ஒரு சட்டம் வந்ததே என்பார்கள். வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன; முக்கியமான கடமைகளுக்கு மேலும் பதினெட்டு மாத அவகாசமும் கொடுத்தார்கள். அச்சட்டத்தில் ஒரு நல்ல பிரிவு உண்டு: அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணை மொழிகளில் எதிலோ பெறலாம். தமிழும் அதில் அடக்கம். ஆனால் அபராதப் பணம் எங்கே போகிறது பாருங்கள். 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அதில் ஒரு காசுகூட மானம் இழந்தவருக்கு இல்லை. முழுவதும் அரசின் தொகுப்பு நிதிக்கு! அதே சட்டம், பொய்ப் புகாரோ அற்பப் புகாரோ கொடுத்தால் புகார் கொடுத்தவருக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. அடிபட்டவன் அழுதால், அழுகை உண்மையா என்று முதலில் பார்ப்பார்களாம்.

“நீங்கள்தான் விழிப்பாக இருக்கவேண்டும்”

இதற்கெல்லாம் மேலிடத்தின் மறுமொழி ஒன்றுதான்: மக்களுக்கு விழிப்புணர்ச்சி போதாது. சினிமா நட்சத்திரங்களை வைத்து விளம்பரம் செய்கிறார்கள். அறிந்து நட, எச்சரிக்கையாய் இரு என்கிறார்கள். நல்லது. ஆனால் ஒரு கேள்வி. அரிசியில் கல் கலந்தால், பொறுக்கித் தின்னத் தெரியாத நீதான் குற்றவாளி என்று யாராவது சொல்வார்களா? கலந்தவனைப் பிடிக்கிறோம். கடனில் மட்டும் ஏமாந்தவன் குற்றவாளியா?

இன்னொரு மறுமொழியும் வரும்: “நீங்கள் முன்னேற்றத்துக்கு விரோதிகள், கைப்பேசிப் பணத்தையே வேண்டாம் என்கிறீர்கள்.” இல்லை, அன்பர்களே. ஊருக்கு மணியார்டர் அனுப்ப நூற்றுக்கு ஐந்து ரூபாய் கமிஷன் கொடுத்து, தபால்காரர் வரும் நாளுக்காகத் தாயைக் காக்கவைத்தவர்கள் நாம். 2016இல் யு.பி.ஐ. வந்த பிறகு இங்கே பொத்தானை அழுத்தினால் அங்கே அம்மாவின் கணக்கில் அந்தக் கணமே பணம் சேர்கிறது. அதன் அருமை நம்மைவிட யாருக்குத் தெரியும்? கருவியை நாம் குறை சொல்லவில்லை. பணத்தைக் கண்ணிமைப்பில் அனுப்பத் தெரிந்த நாட்டுக்கு, நியாயத்தை மட்டும் சண்டிகருக்குத் தபாலில்தான் அனுப்பத் தெரியுமா என்று கேட்கிறோம்.

நாம் கேட்பவை

ஒன்று: கடனாளிக்குப் புரியும் மொழியில் முக்கிய விவர அறிக்கை தராமல் கொடுத்த கடனுக்கு வட்டியோ கட்டணமோ கேட்க உரிமை இல்லை என்று சட்டம் செய்யவேண்டும். எது புரியும் மொழி என்பதைக் கடனாளி சொல்லவேண்டும், கம்பெனி அல்ல. மும்பையில் தமிழருக்குத் தமிழ், சென்னையில் பீகாரிக்கு இந்தி. இதில் நமக்கு இரண்டு நியாயம் கிடையாது.

இரண்டு: தொடர்பு எண்களையும் படங்களையும் எடுத்து மூன்றாம் மனிதரை மிரட்டிய செயலியின் கடன் முழுவதும் செல்லாது என்று ஆகவேண்டும்.

மூன்று: ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி, வசூல் கொடுமையையும் வட்டி வரம்பையும் பொறுத்தவரை மாநிலச் சட்டம் பதிவு பெற்ற நிறுவனங்களுக்கும் பொருந்தும் என்று தெளிவாகச் சொல்லவேண்டும். மாநிலப் பட்டியலில் 30ஆவது இனம் அலங்காரத்துக்கு அல்ல.

நான்கு: கடன் கொடுக்கும் எந்த நிறுவனமும், அதன் சொத்து எத்தனை சிறியதானாலும், குறைதீர்ப்பாளருக்குக் கட்டுப்பட்டதாக இருக்கவேண்டும். மிரட்டல் புகாருக்கு முப்பது நாள் காத்திருப்புக் கூடாது.

ஐந்து: மானத்தைக் கெடுத்ததற்கான அபராதத்தில் மானம் கெட்டவருக்குப் பங்கு வேண்டும்.

இவை தானாக வரப்போவதில்லை. மராட்டியத் தோழர்களும் வடநாட்டுத் தொழிலாளரும் இதே செயலிகளிடம் இதே பாடுதான் படுகிறார்கள். அவர்களோடு சேர்ந்து கேட்டால்தான் கோட்டைப் பகுதிக்குக் குரல் கேட்கும்.

அதுவரை, சங்கத்தின் சார்பில் சில வார்த்தைகள். கடன் வாங்குமுன் அந்தச் செயலி ரிசர்வ் வங்கியின் பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள்; பார்க்கத் தெரியாவிட்டால் சங்கத்துக்கு வாருங்கள், பார்த்துச் சொல்கிறோம். மிரட்டல் வந்தால் செய்திகளை அழிக்காதீர்கள், அவைதாம் சாட்சி. 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்லுங்கள். பதிவு பெற்ற நிறுவனமானால் ரிசர்வ் வங்கியின் 14448இல் தமிழிலும் பேசலாம், தமிழிலேயே பேசுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வெட்கப்பட்டு வீட்டுக்குள் அடைந்துவிடாதீர்கள். வெட்கப்படவேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

நமது இட்லிக்காரர் மறுநாள் கிளம்பினார். மாவு மில்காரர் அவரைப் பார்த்ததும், “எனக்கும் அந்தப் படம் வந்துச்சு. நான் நம்பலே” என்றாராம். ஊர் மைத்துனர் இன்னும் பேசவில்லை. அந்த மௌனத்துக்கு எந்தச் சுற்றறிக்கையிலும் இழப்பீடு எழுதப்படவில்லை. எழுதவைக்கும்வரை இந்தப் பக்கங்களில் இதைக் கேட்டுக்கொண்டே இருப்போம்.